அறுபத்தொருவர் ஊரும் நால்வர் ஊரும்

நலம் சூழ்க. செங்கரைப் பேரூரில் ஏழாம் ஆட்சியாண்டு வீற்றிருந்து, ஆறு பாயும் வயல்நாட்டையும் ஆற்றையே காணாத கரிசல்நாட்டையும் ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கும் உடையபிராட்டியார் நல்லமங்கை தேவியாரின் திருமுன்புக்கு, கண்காணி நாயகம் குவளைவேளான் சாத்தன் பூதி, காரைக்கூற்றத்து ஓரிக்குடியிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரின் கொடி உயர்க. பேரூரின் கோட்டைக் கதவுகள் விருந்தினர்க்குத் திறந்தே இருக்க. தேவியார் பருகும் நீரும் குடிகள் பருகும் நீரும் ஒருபோலத் தெளிக.

இச்செய்தியை நேரில் வந்து சொல்லக் கடமைப்பட்டவன், கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தபடி எழுதி அனுப்புவதைத் திருவுளம் பொறுத்தருள வேண்டும். காரணம் உரிய இடத்தில் வரும். என் பொருட்டுத் தேவியார் கவலைகொள்ள வேண்டா. நல்ல செய்தியை எழுதுகிறோம் என்ற நிறைவோடு இருபது ஆண்டுப் பணியில் நான் எழுதிய ஓலைகள் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

தேவியார் அறிந்ததே எனினும், இவ்வோலை ஆவணக் களரியில் கிடந்து பின்னாளில் பிறரும் படிப்பர் ஆதலால், செய்தியை முதலிலிருந்து சொல்கிறேன்.

காரைக்கூற்றம் வானம் பார்த்த பூமி. ஊருக்கு ஓர் ஊருணி. மழைக்காலத்தில் நிறைந்து பங்குனியில் பாதியாய் வற்றும் அந்நீரே மக்களுக்குக் குடிநீர். படியிறங்கி முழங்கால் அளவு நீரில் நின்றுதான் குடத்தை முக்குவார்கள். அந்நாட்டைத் தலைமுறை தலைமுறையாய்ப் பிடித்த நோய் நரம்புச் சிலந்தி. காலில் ஒரு கொப்புளம் எழும். தீப்பட்டது போல் எரியும். அது உடைந்த வாயில் வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டும். அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் இழுக்காமல், ஒரு திங்கள் காலம் பொறுமையாய் வெளியே எடுக்க வேண்டும். அறுந்துபோனால் கால் சீழ்வைத்து, சிலருக்கு நடையே போய்விடும். நோய் வருவதும் மாசி முதல் சித்திரை வரையில். பருத்தி வெடிப்பதும் அப்போதே. எனவே எடுக்க ஆளின்றிப் பருத்தி காட்டிலேயே காற்றில் பறந்தது.

தேவியாரின் ஐந்தாம் ஆண்டு ஆவணியில், நாட்டு மருத்துவன் ஆச்சன் விண்ணப்பித்ததற்கு இணங்க, வீட்டுக்கு இரண்டு முழம் நெருக்க நெய்த துணி வழங்கப்பட்டது. நீரை இரட்டையாய் மடித்த துணியில் வடித்தே பருக வேண்டும், கொப்புளம் கண்டவர் ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்பவை அவன் சொன்ன இரண்டு வழிகள். புழுவின் குஞ்சுகள் கொப்புளக் காலிலிருந்து நீரில் இறங்குகின்றன, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வெண்பூச்சிகளின் வயிற்றில் ஏறி, குடிப்பவர் உடம்புக்குள் போகின்றன என்பது அவன் கண்டறிந்தது. அவையோரின் அறிவுரைப்படி ஆணையில் மூன்றாவதாக ஒரு வரி சேர்ந்தது: கொப்புளக் காலோடு நீரில் இறங்குவோர் நாற்பது நாள் ஊருக்குப் புறத்தே நிற்க வேண்டும் என்பது அவ்வரி. அதை எழுதச் சொன்னவன் நானே.

ஆறாம் ஆண்டு மாசியில் எல்லா ஊர்களிலிருந்தும் ஓலைகள் வந்தன. முட்டம்பாடியின் ஊராளி பொதுவன், தமுக்கடித்து ஆணையை அறிவித்ததாகவும், எல்லா வீட்டிலும் துணியில் நீர் வடிப்பதாகவும், சிலந்தி கண்டவர் நால்வரே என்றும் எழுதியிருந்தான். ஆச்சன் தானே தங்கியிருந்த ஓரிக்குடியிலிருந்து வந்த ஓலையில், முன்னாண்டு அறுபத்து நால்வர், இவ்வாண்டு அறுபத்தொருவர் என்று இருந்தது. துணியால் பயனில்லை, தண்டனையே பயன் தந்தது, ஆகவே துணியை நிறுத்தித் தமுக்கையும் ஊர்விலக்கையும் கூற்றம் முழுதும் கொண்டுசெல்வதே தக்கது என்று அவையில் எழுந்து பேசியவனும் நானே. தேவியார் உடனே ஒப்பாமல், திருமுத்திரை மோதிரத்தை என் கையில் தந்து, போய்ப் பார்த்து, கண்டபடி நிறுத்தவோ நடத்தவோ தேவியாரின் பெயரால் நானே ஆணையிடலாம் என்று பணித்தருளியதை நன்றியோடு நினைக்கிறேன்.

பங்குனியில் முதலில் முட்டம்பாடி போனேன். பொதுவன் ஊரெல்லையில் வந்து வரவேற்றான். வாசல்தோறும் வெள்ளைத் துணி கொடியில் தொங்கியது. அறுபது வீட்டில் எட்டிப் பார்த்தேன். நடமாடியவர் காலில் ஒரு புண்ணும் காணவில்லை. மகிழ்ந்துபோனேன். வெயில் கடுமையாய் இருந்தது. அவன் செம்பை எடுத்துவரச் சொல்லி ஆளனுப்பும் முன்பே, ஊருணிப் படியில் குனிந்து இரு கையாலும் நீரை அள்ளிப் பருகினேன். மற்ற நாளெல்லாம் பேரூரிலிருந்து குடத்தில் கொணர்ந்த ஆற்றுநீரும் இளநீருமே நான் பருகியது.

அங்கிருந்து ஓரிக்குடி வந்தேன். அங்கே ஊரே நொண்டியது. ஓலையில் எழுதிய அறுபத்தொருவரையும் ஆச்சன் ஒருவர் விடாமல் காட்டினான். நிறுத்தும் ஆணையை அன்றே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். ஆச்சன் வாதாடவில்லை; தன் ஊரில் ஒருத்தியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எழுதலாமே என்று மட்டும் வேண்டினான்.

அவள் பெயர் வெள்ளச்சி. வேட்கோவர் குடியில் பிறந்தவள், பானை வனைபவள். துணி வந்த புதிதில் அது பானை வாயில் நில்லாமல் வழுக்கி விழுவதைக் கண்டு பெண்கள் சலித்து விட்டுவிட, கழுத்தில் ஒரு வரம்பு வைத்துப் பானை வனைந்து, கயிற்றால் இறுக்கிக் கட்டும்படி செய்தவள் அவளே. சக்கரத்தின் முன் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சொன்னதைச் சாட்சிச் சொல்லாகக் கருதி, திருத்தாமல் எழுதுகிறேன்.

“ஐயா, இந்த வருசம் வெளிய வர்ற சிலந்தி போன வருசம் உள்ள போனது. துணி வந்து ஏழு மாசம்தானே ஆகுது. நீங்க எண்ணுறது துணிக்கு முந்துன தண்ணியத்தான்.”

அஃது அவளுக்கு எவ்வாறு தெரியும் என்று வினவினேன்.

“என் மருமகளக் கேளுங்க. ஆத்தங்கரைப் பொண்ணு. அவ பொறந்த ஊருல இந்தச் சீக்குக்குப் பேரே கெடையாது. கல்யாணமாகி வந்தது ஒரு மாசி. ஒரு வருசம் ஓடியாடித் திரிஞ்சா. மறு மாசியில கொப்புளம் கெளம்பிருச்சு. அவ மட்டுமா? வெளியூருலருந்து வாக்கப்பட்டு வந்தவ ஒவ்வொருத்திக்கும் அதே கணக்குத்தான்.”

ஆற்றங்கரையிலிருந்து மணம் முடித்து வந்த பெண்கள் அவ்வூரில் ஏழு பேர். ஒவ்வொருத்தியையும் தனித்தனியே அழைத்து, வந்த திங்களையும் நோய் கண்ட திங்களையும் கேட்டேன். எவளுக்கும் பத்துத் திங்களுக்கு முன் நோய் வரவில்லை. ஆயினும் நான் முழுதும் நம்பினேன் என்று எழுதினால் அது பொய். நால்வர் ஊர் கண்முன் இருக்க, அறுபத்தொருவர் ஊரை நம்ப மனம் வரவில்லை. அவசரப்பட்டேன் என்ற பழி வேண்டா என்றே ஓராண்டு தவணை தந்து திரும்பினேன். அத்தவணைக்குத் தேவியார் ஒரு சொல்லும் கேளாமல் இசைந்தது என் நல்வினை.

இனி இவ்வாண்டு நிகழ்ந்தது. பங்குனி மூன்றாம் நாள் மீண்டும் முட்டம்பாடியில் தங்கினேன். நான்காம் நாள் காலை இடக் கணுக்காலின் மேல் எரிச்சல் கண்டது. செருப்புக்கடி என்று எண்ணினேன். நண்பகலில் மொச்சை அளவு கொப்புளம் எழுந்தது. பொதுவனை அழைத்துக் காட்டினேன். அவன் முகம் வெளிறியது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு, என் அருகில் குந்தி, மெல்லிய குரலில் சொன்னான்.

“ஐயா, சத்தம் போடாதீக. வெளிய தெரிஞ்சா ஊர்விலக்கு. பின்னறையில ஒரு கட்டில் போட்டுத் தாரேன். எங்க ஊருல எல்லாரும் அப்படித்தான் இருக்காக.”

என்மேல் கொண்ட அன்பினால் அவன் வாயிலிருந்து தவறி வந்த சொல் அது. சொன்னபின் அவனும் அறிந்தான், நானும் அறிந்தேன். பிறகு, எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். தனக்கே தெரியாது என்றான். அஃது உண்மை என்றே கொள்கிறேன்.

ஒரு கழியை ஊன்றிக்கொண்டு வீடுவீடாய்ப் போனேன். இம்முறை வாசலில் நில்லாமல், என் காலை முதலில் காட்டிவிட்டுப் பின்னறைக்குள் நுழைந்தேன். கண்காணி நாயகத்துக்கு யாரும் காட்டாத கால்களைச் சிலந்திக்காரனுக்குக் காட்டினார்கள். முதல் நாள் பத்தொன்பது பேர். இரண்டாம் நாள் முப்பதுக்கு மேல். மூன்றாம் நாள் முடிவில் ஐம்பத்தெட்டு. தண்டனைக்கு முன் ஆச்சன் அவ்வூரில் எண்ணியது ஐம்பத்தேழு. வாசலில் தொங்கிய துணிகளை இறக்கி மோந்து பார்த்தேன். ஈரமே அறியாத துணிகள். கண்காணி வருகிறார் என்ற செய்தி வரும்போதெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுவார்களாம். ஒரு வீட்டில் அது தொட்டிலாகத் தொங்கியது. அது ஒன்றே அவ்வூரில் பயன்பட்ட துணி.

பின்னறையில் கிடந்த ஒரு பெண்ணிடம், குடிநீருக்கு என்ன செய்கிறாள் என்று கேட்டேன். “பகல்ல போனா பாத்துருவாகய்யா. விடியறதுக்கு முன்ன நானே போயி எறங்கி மொண்டுக்கிட்டு வந்துருவேன். யாருகிட்டயும் ஒரு குடம் கேக்க முடியுமா? கேட்டா எதுக்குன்னு கேப்பாக” என்றாள். அக்காலோடு ஊருணியில் இறங்கி, ஊர் முழுவதற்கும் அடுத்த ஆண்டின் நோயை அவள் விதைத்து வந்தாள். விதைக்க வைத்தது அவையில் நான் எழுதச் சொன்ன அந்த மூன்றாம் வரி. அவ்வறையில் நின்று நான் பட்ட வெட்கத்தைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அஃது என்னோடு இருக்கட்டும்.

என்னை மாட்டு வண்டியில் ஓரிக்குடிக்கு ஆச்சனிடம் கொண்டுவந்தார்கள். வழிப்புழுதி போகக் காலைக் கழுவலாம் என்று ஊருணியோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, பழக்கத்தால் எல்லாம் மறந்து முதற்படியில் இறங்கினேன். குடத்தோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண் என் குறுக்கே நின்றாள். “காலை எடுங்கய்யா. அது நாங்க குடிக்கிற தண்ணி. நீங்க மேல உக்காருங்க, நான் மொண்டு ஊத்துறேன்” என்றாள். என் தலைப்பாகையையும் மோதிரத்தையும் அவள் பார்த்தாள், பார்த்தும் வழிவிடவில்லை. குரலில் கடுமையும் இல்லை. சொன்னபடியே மேலே உட்காரவைத்து, ஊருணிக்கு எட்டத்தில் நீரை ஊற்றிக் காலைக் கழுவிவிட்டாள். ஊர்விலக்கு என்ற சொல் அவ்வூரில் யாருக்கும் தெரியாது என்று பிறகுதான் அறிந்தேன்.

இதனை மறைக்க எனக்கு உரிமை இல்லை: ஆச்சன் தேவியாரின் ஆணையில் மூன்றாம் வரியை ஓரிக்குடியில் படிக்கவே இல்லை. படித்தால் மக்கள் காலைக் காட்டமாட்டார்கள், காட்டாத காலைத் தன்னால் காக்க முடியாது என்று எண்ணி, தன் பொறுப்பில் விட்டுவிட்டதாக என்னிடம் ஒப்புக்கொண்டு, எத்தண்டனைக்கும் உடன்படுவதாகத் தலை வணங்கினான். அவ்வரியின் இடத்தில் அவன் வேறொன்றைச் செய்திருந்தான். யார் காலில் கொப்புளம் எழுந்தாலும் அவர் வாசலில் ஒரு வேப்பங்குலை கட்டப்படும். அதைக் காணும் அண்டை வீட்டார் முறைவைத்து அவ்வீட்டுக்கு நாளும் இரண்டு குடம் வடித்த நீர் கொண்டு வைப்பர். குலை கட்டிய வீடு வெட்கப்படுவதில்லை. மாறாக, அண்டை வீட்டுக் குடத்தை எதிர்பார்த்து வாசலைத் திறந்துவைக்கிறது. இப்போது நான் தங்கியிருக்கும் வெள்ளச்சி வீட்டு வாசலிலும் குலை தொங்குகிறது. இன்று காலை நீர் கொணர்ந்தவள் எதிர்வீட்டு எண்ணெய் வாணிபன் மனைவி.

இவ்வாண்டு ஓரிக்குடியில் சிலந்தி கண்டவர் என்னை நீக்கி ஐவர். ஆச்சன் சொல்லை நம்பி எழுதவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் என்னைக் கட்டிலோடு தூக்கிச் சென்றார்கள். எவரிடமும் துணி உண்டா என்று கேளாமல், குடிக்கும் பானையை எடுத்துவரச் சொல்லி, கட்டிய துணியைத் தொட்டுப் பார்த்தேன். நூற்றொன்றில் ஈரம் இருந்தது. ஐவரில் மூவர், ஊருக்கு அப்பால் காட்டுக் குட்டையில் கையால் அள்ளிக் குடிக்கும் ஆட்டிடையர். இருவர் சென்ற ஆண்டு பங்குனியில் முட்டம்பாடியில் ஒரு திருமணத்துக்குப் போய்த் தங்கியவர். நானும் அவ்வூர் நீரை ஒரே முறை, அதே திங்களில், வடிக்காமல் பருகியவன். பேரூரில் பிறந்து வளர்ந்த என் குலத்தில் இந்நோய் கண்டவர் ஒருவரும் இல்லை. வெள்ளச்சியின் கணக்கு சரி என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டும் என்றால், தேவியார் என் கணுக்காலைத்தான் அவையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இடையர் மூவரும் வெட்கத்தோடு ஒரு யோசனை சொன்னார்கள். மூங்கில் குழலின் ஒரு முனையில் துணியைக் கட்டி, கழுத்தில் தொங்கவிட்டு, குனிந்து அதன் வழியே உறிஞ்சிக் குடிப்பதாம். சிலர் அப்படிச் செய்து பழகத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் உறிஞ்சிப் பார்த்தேன். வாய் வலித்தது, நீர் வந்தது. அவர்கள் சிரித்தார்கள்.

சென்ற வாரம் என் கட்டிலைப் பருத்திக் காட்டோரம் போடச் சொன்னேன். ஊரே காட்டில் இருந்தது. மூன்று ஆண்டு பங்குனி முழுதும் படுக்கையில் கழித்த கச்சிராயன் என்ற உழவன், மடியில் பருத்தியோடு என் அருகே வந்து, இந்த வேலை இத்தனை முதுகு வலிக்கும் என்பதையே மறந்துபோயிருந்ததாகச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டான். குறைபட்டவன் முகத்தில் குறை ஏதும் தெரியவில்லை.

ஆகவே தேவியார் என்னிடம் தந்த திருமுத்திரையின் பெயரால் நான் இடும் ஆணை இது. துணி வழங்குவது காரைக்கூற்றம் முழுதும் இன்னும் மூன்று ஆண்டு நடக்க. ஊர்விலக்கு என்னும் வரி இன்றோடு அழிக. அதன்பொருட்டு எவ்வூரிலும் எவரும் புறத்தே நிறுத்தப்படலாகாது. இந்நோயை ஓராண்டு கழித்தே அளக்க. துணி தந்த ஆண்டிலேயே அளந்து துணியைப் பழிக்கலாகாது. இனிக் கண்காணிகள் ஊராளியின் ஓலையை எண்ணாது, பானை வாயின் ஈரத்தைத் தொட்டு எண்ணுக. மிகக் குறைவாய் எழுதிய ஊருக்கே முதலில் செல்க. இடையர்க்குக் குழலும் துணியும் வழங்குக. ஆச்சன் ஆணையில் ஒரு வரியைப் படியாது விட்ட குற்றம், அவ்வரியை எழுதச் சொன்ன என் குற்றத்தின் முன் சிறியது. அவனைப் பொறுத்தருளி, கூற்றம் முழுதுக்கும் தலைமை மருத்துவனாக நியமிக்கத் திருவுளம் இசைய வேண்டும். பொதுவனைத் தண்டிக்க வேண்டா. அஞ்சி எழுதியவனுக்கு மேலும் அச்சம் தந்தால் அடுத்த ஓலையும் அவ்வாறே வரும்.

ஓலையை இவ்விடத்தில் முடித்து முத்திரையிட அரக்கை உருக்கியபோது, வாசலில் ஆரவாரம் கேட்டது. முட்டம்பாடியிலிருந்து பதினொரு பெண்கள் மூன்று காதம் நடந்து வந்து நின்றார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. எந்த ஆணையும் இன்னும் அங்கே போகவில்லை. முன்னே நின்றவள் பொதுவனின் மனைவி செங்கமலத்தி. காலில் குச்சி சுற்றிய கட்டோடு அவள் ஒருத்தி மட்டும் வண்டியில் வந்திருந்தாள். அக்கட்டை மறைக்கவும் இல்லை. என்னை நோக்கிக் கைகூப்பிவிட்டுச் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு ஓலையில எழுதுனது ஊருக்கே தெரியும்யா. அதப் பேச வரல. பானை வனையிற அம்மா எங்க இருக்காக?”

வெள்ளச்சி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் ஒட்டிய களிமண்ணைக் கழுவவும் நில்லாமல் பதினொருவரையும் உள்ளே அழைத்துப் போனாள். சுவருக்கு அப்பால் அவர்கள் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க எனக்கு இடமில்லை.

ஏழாம் ஆட்சியாண்டு, சித்திரைத் திங்கள் ஒன்பதாம் நாள், ஓரிக்குடியில் எழுதியது. மேலே இட்ட ஆணைகளோடு இன்னும் ஒன்று: வரம்பு வைத்த பானையைக் கேட்டு எவ்வூரார் எவ்வூருக்கு நடந்து சென்றாலும், வழியில் உள்ள ஊரார் அவர்களுக்கு நிழலும் வடித்த நீரும் தந்து வழிவிடுக. இது தேவியாரின் திருமுத்திரை; கண்டவர் ஏற்று நடக்க, நடந்தவர் நெடிது வாழ்க.